மழைக்காலப் புதையடி

ஐப்பசித் திங்களில் வடகிழக்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும், உத்திரமேரூரைச் சூழ்ந்த நிலத்தின் நிறமே மாறிவிடுகின்றது. கோடையில் வெடித்துக் கிடந்த ஏரியின் அடிநிலம் நீரால் மறைகின்றது, வரப்புகள் குழைகின்றன, கத்தரிப் பாத்தியிலும் வெண்டைப் பாத்தியிலும் கணுக்கால் அளவு சேறு நிற்கின்றது, மாட்டுக் கொட்டகையின் சாணநீர் முற்றம் வரையில் வழிந்து வருகின்றது. மழை பெய்கின்றதே என்று உழவர் வேலையை நிறுத்திவிட இயலாது. களை எடுத்தல், வடிகால் வெட்டுதல், மாட்டிற்குப் புல் அறுத்தல், காற்றில் சாயும் வாழைக்கு முட்டுக் கொடுத்தல் ஆகிய யாவும் அச்சேற்றிலேயே நடைபெற வேண்டும். பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் இறங்குகின்றனர்.

தோட்டத்தைப் பேணுதலில் இவ்வூரார் பழங்காலத்திலேயே கருத்துடையவர்களாய் இருந்தனர். வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அவை குடவோலை முறையை விரித்துரைப்பன. ஊரை 30 குடும்புகளாகப் பகுத்து, ஓலை எழுதிக் குடத்திலிட்டு உறுப்பினரைத் தேர்ந்தனர்; அவர்களுள் 12 பேரைத் தோட்ட வாரியத்திற்கும் 6 பேரை ஏரி வாரியத்திற்கும் அமர்த்தினர். தோட்டம் காப்பதற்கென்றே ஒரு வாரியம் இருந்தது என்பது வியப்புக்குரியதே. ஆயின் வாரியத்தில் அமர நிலமும் கல்வியும் வேண்டும். சேற்றில் இறங்கிக் கொத்தியவர் வேறு. அவருடைய காலைக் காக்க வாரியம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

சேறு வெறும் மண்ணும் நீரும் கலந்த கலவை அன்று. திறந்த வெளியில் மலங்கழிக்கும் வழக்கம் உள்ள இடத்தில், கொக்கிப்புழுவின் முட்டைகள் ஈரமண்ணில் பொரிந்து நுண்புழுக்களாகின்றன. அவை காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குருதி வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் தங்குகின்றன. அங்கே குடற்சுவரைக் கவ்விக்கொண்டு குருதியை உறிஞ்சுகின்றன. காலில் தோன்றும் சிறு நமைச்சலைச் 'சேற்றுப் புண்' என்று எண்ணி எண்ணெய் தடவி விடுவோர் பலர். சில திங்கள் கழித்து முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, வேலையில் சோர்வு காணும்போது அந்நமைச்சலை யாரும் நினைப்பதில்லை. இப்புழு தோல் வழியே புகும் என்னும் உண்மை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வெளிப்பட்டது. எகிப்து நாட்டுக் கெய்ரோ நகரில் ஆய்வு நடத்திய ஆர்தர் லூஸ் என்னும் அறிஞர், நுண்புழுக்கள் நிறைந்த நீர்த்துளியைத் தற்செயலாகத் தம் கைமேல் சிந்திக்கொண்டார். கை நமைத்தது, பின்னர் அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன.

மற்றொரு நோய்க்குத் தமிழகத்து நகரொன்றின் பெயரே அமைந்துவிட்டது. 1842ஆம் ஆண்டில் மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய கில் என்னும் மருத்துவர், கால் வீங்கி உருக்குலைந்து, பல துளைகளின் வழியே சீழும் சிறு மணிகளும் கசியும் நோயைக் கண்டு எழுதினார். உலக மருத்துவ நூல்கள் அதனை 'மதுரைக் கால்' என்றே குறிப்பிடலாயின. புகழ் பெற்ற 'கிரே உடற்கூற்று' நூலுக்குப் படங்கள் வரைந்த வாண்டைக் கார்ட்டர் என்பவர், பின்னர் இந்தியாவில் இந்நோயை ஆராய்ந்து, இது பூஞ்சணத்தால் விளைவது என்று காட்டினார். சிலவகை நுண்ணுயிர்களாலும் இது வரும் என்பது அதன்பின் தெளிவாயிற்று. மண்ணிலும் முள்ளிலும் தங்கியிருக்கும் அக்கிருமிகள், வெறுங்காலில் முள் தைக்கும்போது உள்ளே செல்கின்றன. முதலில் வலியே இல்லாத ஒரு கட்டிதான் தோன்றும். வலியின்மையால் மருத்துவரை நாடாமல் ஆண்டுகள் கழிகின்றன. முடிவில் காலையே வெட்டி எடுக்க நேர்வதும் உண்டு. 2016இல் உலக நலவாழ்வு நிறுவனம் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

எலிக்காய்ச்சலும் இத்தகையதே. வளை தோண்டி வரப்பில் வாழும் எலிகளின் சிறுநீர் தேங்கிய நீரிற் கலக்கின்றது. வெடிப்பும் கீறலும் உள்ள பாதத்தின் வழியாகவும், நெடுநேரம் நீரில் ஊறிய தோலின் வழியாகவும் நோய்க்கிருமி புகுகின்றது. 2008இல் இலங்கையில் இக்காய்ச்சல் பெரிதாகப் பரவியபோது நெல் விளைவித்த உழவர் பலர் அதற்கு ஆளாயினர். இவற்றிற்கெல்லாம் மேலாகப் பாம்பு உள்ளது. மழைநீர் வளைகளை நிரப்பியதும் நாகமும் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் மேட்டுநிலம் தேடி வரப்பிற்கும் வைக்கோற்போருக்கும் வந்துவிடுகின்றன. 2000 முதல் 2019 வரையில் இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. அவர்களுள் மிகப் பலர் சிற்றூர்களில் வாழ்ந்தவர்கள். கடி பெரும்பாலும் காலிலேயே படுகின்றது. நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சைப் பாம்புகளிலிருந்து எடுத்துத் தரும் இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978ஆம் ஆண்டு முதல் வடநெம்மேலியில் இயங்குகின்றது. அவ்வூர் இன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. மருந்து அண்மையில் உள்ளது என்பது ஆறுதலே. கடி படாமலிருப்பது அதனினும் நன்று.

இத்தனை தீங்குகள் இருந்தும் மக்கள் ஏன் காலுறை பூணவில்லை? வறுமை ஒரு காரணம். வழக்கம் ஒரு காரணம். மூன்றாவது காரணம் சொல்வதற்கு நாணத்தக்கது. சேற்றில் மிகுதியாக உழைத்த மக்களே, மேற்குலத்தார் எனப்பட்டோர் வாழும் தெருவில் செருப்பணிந்து நடக்கக் கூடாது என்று பல ஊர்களில் தடுக்கப்பட்டிருந்தனர். செருப்பைக் கழற்றிக் கையில் ஏந்தி நடந்தோர் உண்டு. பழங்காலத்துக் கதை என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோது, பொது இடத்தில் காலணி அணிவதைத் தடுத்தல் தண்டனைக்குரிய குற்றம் என்று அதில் வெளிப்படையாக எழுத வேண்டியிருந்தது.

சேற்றிற்கும் நீருக்கும் ஈடுகொடுப்பது முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரையில் உயர்ந்து நிற்கும் ரப்பர்ப் புதையடி ஆகும். மக்கள் இதனைக் 'கம்பூட்ஸ்' என்பர். ஆங்கிலேயர் இதற்கு 'வெல்லிங்டன்' என்று பெயரிட்டு வழங்குகின்றனர். 1799இல் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை எதிர்த்த படையில் இருந்தவரும், பின்னாளில் வெல்லிங்டன் கோமகன் ஆனவருமான படைத்தலைவர் விரும்பி அணிந்த தோற்புதையடியின் வடிவத்திலிருந்து இது வந்தது. தோல் நீரில் ஊறிக் கெடும். ரப்பரோ அந்நாளில் கோடையில் இளகிப் பிசினாகும். குளிரில் விறைத்து வெடிக்கும். 1839இல் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பின்மீது பட்டபோது இளகாமல் உறுதியடைந்ததைக் கண்டார். அதன் பயனாய் வெயிலையும் குளிரையும் தாங்கும் ரப்பர் கிடைத்தது. 1853இல் ஹைரம் ஹட்சின்சன் என்பவர் பிரான்சு நாட்டில் ரப்பர்ப் புதையடித் தொழிலைத் தொடங்கினார். மரக்கட்டைச் செருப்புடன் வயலுக்குச் சென்று நனைந்த காலோடு மீண்ட அந்நாட்டு உழவர், உலர்ந்த காலோடு வீடு திரும்பலாயினர். போர்க்களமோ வேறு வகையில் இதனைப் பரப்பியது. முதல் உலகப்போரில் நீர் நிறைந்த பதுங்குகுழிகளில் நின்று பாதம் அழுகிய பிரிட்டானியப் படையினருக்காக, எடின்பரோ நகரத்துத் தொழிற்சாலை ஒன்று ஏறத்தாழ 12 இலட்சம் இணைகள் செய்து தந்தது. ரப்பர் மரமும் அயலிலிருந்து வந்ததே. 1876இல் பிரேசில் நாட்டிலிருந்து கொணர்ந்த விதைகளின் நாற்றுகள் இலங்கை வழியே தென்னிந்தியாவை அடைந்தன. தமிழகத்தில் இன்று கன்னியாகுமரி மாவட்டமே ரப்பருக்குப் பெயர் பெற்றது.

கடையில் புதையடி வாங்குவோர் முதலில் தம் பாதத்தை அறிதல் வேண்டும். சிறுவயது முதல் வெறுங்காலோடு நடந்தவரின் முன்பாதம் அகன்று, விரல்கள் விரிந்திருக்கும். கடையில் கேட்கும் எண் நீளத்தைக் குறிப்பது. அகலத்தை அது சொல்வதில்லை. ஆதலின் எண்ணை மட்டும் நம்பாமல், இரண்டு கால்களிலும் அணிந்து, கடைக்குள்ளேயே சிறிது நடந்து பார்க்க வேண்டும். பகலெல்லாம் நின்ற கால் மாலையில் சற்று வீங்கியிருக்குமாதலால் மாலையில் வாங்குதல் நன்று. பெருவிரலுக்கு முன் ஒரு விரற்கடை இடம் இருத்தல் வேண்டும். குதிகால் மிகத் தூக்கிக்கொண்டால் நடக்கும்போது தோல் உராய்ந்து கொப்புளம் எழும். மேல்விளிம்பிற்கும் கெண்டைக்காலுக்கும் இடையே இரு விரல் புகும் அளவே போதும். அதனினும் அகன்றால் சேறும் பூச்சியும் உள்ளே விழும். அடிப்பகுதியின் வரிகள் ஆழமாகவும் இடைவெளி மிக்கனவாகவும் இருந்தால்தான் களிமண் அப்பிக்கொள்ளாது உதிரும். நெருங்கிய சிறுவரிகள் அழகாய்த் தோன்றினும் இரண்டடி நடப்பதற்குள் மண்ணால் அடைபட்டு வழுக்கத் தொடங்கும். கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்து வேலை செய்பவர் விரற்பகுதியில் இரும்புக் கவசம் அமைந்ததை வாங்கலாம்.

விலை குறைந்தவை பெரும்பாலும் பி.வி.சி. என்னும் நெகிழியால் ஆனவை. அவை நீர் புகாமல் காப்பதில் ரப்பருக்குக் குறைந்தவை அல்ல. ஆனால் நாளடைவில் விறைத்து, மடங்கும் இடத்தில் கீறும். ரப்பரில் சிறு துளை விழுந்தால் மிதிவண்டிக் கடையில் பஞ்சர் ஒட்டுவது போன்றே ஒட்டிக்கொள்ளலாம். பி.வி.சி.யில் அப்பசை நன்கு பிடிப்பதில்லை.

எல்லா வேலைக்கும் இது ஏற்றது என்று கருதுதல் தவறு. ஆழ்ந்த உளையில் நாற்று நடுவோருக்குப் புதையடி இடையூறே. காலைத் தூக்கும்போது சேறு அதனைப் பற்றி இழுக்கும். கால் வெளியே வரும், புதையடி உள்ளே நின்றுவிடும்! நடவு செய்யும் பெண்கள் இதனை விரும்பாததில் வியப்பில்லை. அவர்கள் கரையேறியதும் நன்னீரில் காலைக் கழுவித் துடைத்து, கீறல்களுக்கு உடனே மருந்திடுதலே இயன்ற காப்பு. காய்கறித் தோட்டம், மாட்டுக் கொட்டகை, எருக்குழி, வடிகால், இரவில் நீர் பாய்ச்சச் செல்லும் வரப்பு ஆகியவையே புதையடிக்கு உரிய இடங்கள். பாம்புப்பல்லை எந்நிலையிலும் அது தடுத்துவிடும் என்பதற்கில்லை. ஆதலின் இரவில் கைவிளக்கும் கோலும் உடன் வேண்டும். பூச்சிமருந்து தெளிக்கும்போது காற்சட்டையின் கீழ்ப்பகுதியைப் புதையடிக்கு வெளியே தொங்கவிட வேண்டும். உள்ளே செருகினால் வழியும் மருந்து நேரே பாதத்தில் இறங்கித் தங்கும்.

வலி உணராத கால் உடையோர்க்குக் காலணி இன்னும் இன்றியமையாதது. கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்ற பால் பிராண்டு, தொழுநோயாளரின் பாதம் நோயினால் தானே உதிர்வதன்று என்று கண்டார். முள்ளும் கல்லும் குத்துவதை அறியாமல் நடப்பதாலேயே அது சிதைகின்றது என்று காட்டி, மென்மையான ரப்பர் அடி பொருந்திய காலணிகளை அவர்களுக்காகச் செய்வித்தார். நீரிழிவால் உணர்ச்சி குன்றியோர்க்கும் இது பொருந்தும். அவர்கள் புதையடியைக் கழற்றியதும் பாதத்தைக் கண்ணால் பார்த்தே புண் உண்டா என அறிய வேண்டும்.

வேலை முடிந்ததும் புதையடியைச் சேற்றோடு விட்டுவிடுதல் கூடாது. சாணமும் உரமும் காய்ந்து ஒட்டினால் ரப்பர் விரைவில் கெடும். நீரூற்றி, தென்னை நார் கொண்டு தேய்த்துக் கழுவுதல் போதும். மண்ணெண்ணெயும் இயந்திர எண்ணெயும் பட்டால் ரப்பர் உப்பி வலுவிழக்கும்; பளபளப்புக்காக அவற்றைத் தடவுவோர் தம் பொருளைத் தாமே கெடுத்துக்கொள்கின்றனர். வெயிலில் காய வைப்பதும் தவறே. நிழலில், தரையில் நட்ட இரு கழிகளின்மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் வடியும். அடைமழை நாளில் பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து வைத்தால், காலையில் அது ஈரத்தை உறிஞ்சியிருக்கும். கால் வியர்ப்பது இதன் பெருங்குறை. பருத்திக் காலுறை அணிந்து, நண்பகலில் ஒருமுறை அதனை மாற்றாவிடில் விரலிடுக்கில் தோல் வெந்து புண்ணாகும். சேற்றைத் தவிர்க்க அணிந்த பொருளே சேற்றுப் புண்ணைத் தருமாயின் யாது பயன்?

மறுநாள் அணியுமுன் தலைகீழாகப் பிடித்து இரண்டு மூன்று முறை தட்டுதல் வேண்டும். இருளும் ஈரமும் கலந்த அவ்விடத்தைத் தேளும் தேரையும் விரும்பும். சிறு பாம்பும் புகுந்திருக்கக் கூடும். கையை உள்ளே விட்டுத் துழாவுதல் ஒருபோதும் தகாது.

முற்றும் கிழிந்தவற்றை எரித்தல் கூடாது, பி.வி.சி. எரியும்போது மூச்சை எரிக்கும் நச்சுவளி எழுகின்றது. ரப்பராயின் மேற்பகுதியை வட்டமாக வெட்டி, முட்டுக் கொடுத்த வாழையின் தண்டுக்கும் கழிக்கும் இடையே பட்டையாகச் சுற்றிக் கட்டலாம். கயிறு தண்டை அறுப்பது போல அது அறுப்பதில்லை.