பார்த்தீனியம்: கன்னிப் பெயர் சூடிய களை

நெடுங்காலம் ஆளில்லாமல் கிடந்த காணிக்குத் திரும்பிப் போகிறவர்களை முதலில் வரவேற்பது பற்றைதான். நாயுருவியும் எருக்கலையும் ஆமணக்கும் எமக்குப் பழக்கமானவை. அவற்றின் நடுவே எமது பாட்டன் பூட்டன் அறியாத ஒரு செடியும் இப்போது நிற்கக்கூடும். இலை கரட் இலையைப் போலப் பிளந்திருக்கும். இடுப்பளவுக்கு வளரும், ஈரமும் பசளையும் கிடைத்தால் ஆளுயரத்துக்கும் எழும். உச்சியில் சோற்றுப் பருக்கையைச் சிதறிவிட்டதுபோல வெள்ளைப் பூக்கள் நிறைந்திருக்கும். இதுவே பார்த்தீனியம்.

இந்தப் பெயர் எமது மொழிக்குரியதல்ல. அது வந்த வழியை அறிந்தால் செடியின் குணத்தில் பாதி விளங்கிவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

கிரேக்க மொழியில் ‘பார்த்தெனோஸ்’ என்றால் கன்னிப்பெண். ஏதென்ஸ் நகரத்துக் கன்னித் தெய்வமான அதீனாவின் கோயிலுக்குப் பார்த்தெனன் என்ற பெயர் வந்ததும் இச்சொல்லிலிருந்துதான். அக்காலக் கிரேக்கர் ‘பார்த்தேனியன்’ என்று ஒரு மூலிகையையும் அழைத்தனர். கோயில் கட்டும்போது உயரத்திலிருந்து விழுந்த அடிமை ஒருவனைக் குணப்படுத்த, தெய்வமே நகரத் தலைவர் பெரிக்கிளிசின் கனவில் தோன்றி அம்மூலிகையைக் காட்டியதாகவும், அதனால் அப்பெயர் வந்ததாகவும் உரோம எழுத்தாளர் பிளினி முதலாம் நூற்றாண்டில் எழுதி வைத்தார். பெண்களின் நோய்களுக்கு அது மருந்தானதால்தான் அப்பெயர் என்போரும் உண்டு. எப்படியாயினும் அந்த மூலிகை வேறு, எமது காணியில் நிற்கும் களை வேறு. இந்தக் களை அமெரிக்கக் கண்டத்துக்குரியது. பண்டைய கிரேக்கர் இதைக் கண்டிருக்கவே முடியாது.

பழைய பெயரை எடுத்து இந்தப் புதிய செடிக்குச் சூட்டியவர் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ். 1753ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் ‘பார்த்தீனியம் ஹிஸ்டரோபோரஸ்’ என்று இதைப் பதிந்தார். அவர் அமெரிக்காவுக்குப் போனவரல்லர். முதற்சொல் பேரினத்தின் பெயர், எமது வழக்கில் சொன்னால் குடும்பப் பெயர் மாதிரி. இரண்டாவது சொல்லுக்குக் ‘கருப்பையைச் சுமப்பது’ என்று பொருள். கன்னி என்றும் கருப்பை சுமப்பவள் என்றும் ஒரே செடிக்கு இரு பெயர்கள்! முரணாகத்தான் தெரிகிறது. பூவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அந்த முரண் தீரும்.

நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் பல சிறு பூக்கள் சேர்ந்த ஒரு தலை. சூரியகாந்தியும் அப்படித்தான், இரண்டும் ஒரே குடும்பம். பார்த்தீனியத் தலையின் நடுவில் நெருங்கியிருக்கும் பூக்கள் மகரந்தத்தை மட்டும் தரும், விதை கட்டுவதில்லை. ஓரத்தில் ஐந்து மூலைகளில் ஐந்து சிறிய பெண்பூக்கள் உண்டு. அவை ஒவ்வொன்றும் ஒரு விதை தரும். தலைக்கு ஐந்து விதைதானே என்று எண்ணிவிடாதீர்கள். நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000 விதை தருவதைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அப்படியானால் ஒரு செடியில் 3,000 தலைகள். பெண்பூ மட்டுமே விதை கட்டுவதால் கன்னி என்ற பெயர் பொருந்துகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. அளவில்லாமல் விதைப்பதால் கருப்பை என்ற பெயரும் பொருந்துகிறது என்பார்கள். கமக்காரருக்கு இரண்டாவது பெயர்தான் முக்கியம்.

இப்பேரினத்தில் எல்லாமே களைகள் அல்ல. மெக்சிக்கோவின் வறண்ட நிலத்தில் வளரும் ‘குவாயுலே’ என்ற இனத்தின் தண்டில் றப்பர் இருக்கிறது. 1942இல் யப்பான் மலாயாவையும் இந்தோனேசியத் தீவுகளையும் பிடித்தபோது அமெரிக்காவுக்கு றப்பர் வரும் வழி பெரும்பாலும் அடைபட்டது. எங்கள் இலங்கையின் றப்பருக்கு அப்போது கிராக்கி ஏறியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் யப்பானிய வம்சாவழியினர் சுமார் 1,20,000 பேரை வீடு, தோட்டம், காணியிலிருந்து எழுப்பி முள்வேலி முகாம்களில் அடைத்தது. கலிபோர்னியாவின் மன்சனார் முகாமில் இருந்தவர்களுள் கமம் செய்தவர்களும் நாற்றுத்தோட்டம் வைத்திருந்தவர்களும் பலர். பாலைநிலத்து முகாமுக்குள்ளேயே குவாயுலேச் செடியின் வெட்டுத் தண்டுகளை வேர்பிடிக்க வைத்து, றப்பர் எடுக்கும் ஆய்விலும் அவர்கள் ஈடுபட்டார்கள். இடம் பறிபோனாலும் கைத்தொழில் பறிபோகவில்லை. யுத்தம் முடிந்து பழையபடி றப்பர் வரத் தொடங்கியதும் அரசாங்கம் குவாயுலேத் தோட்டங்களை அழித்துவிட்டது.

மீண்டும் களைக்கு வருவோம். இது போன இடமெல்லாம் சனங்கள் தாமாக ஒரு பெயர் வைத்தார்கள். எங்களுக்கு லத்தீன் பெயரைவிட அந்தப் பெயர்களே கூடுதலாகப் பேசுகின்றன. இந்தியாவில் 1950களின் நடுப்பகுதியில் பூனாவில் இது கவனிக்கப்பட்டது. அமெரிக்க உதவிக் கோதுமையுடன் வந்ததென்று பரவலாக நம்புகிறார்கள். அப்போது ஆட்சியிலிருந்த கட்சியின் பெயரால் ‘காங்கிரஸ் புல்’ என்றார்கள். எத்தியோப்பியாவுக்கு 1970களின் இறுதியில் சோமாலியாவுடன் நடந்த போரின் படை வாகனங்களோடும் பஞ்ச நிவாரணத் தானியத்தோடும் போய்ச் சேர்ந்ததென்பர். அந்நாட்டின் கிழக்குப் பகுதிக் கமக்காரர் இதற்கு வைத்த பெயர் ‘ஃபரம்சீசா’. ‘கையெழுத்து வைத்து நிலத்தை விட்டுப் போ’ என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அவர்களின் அனுபவம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

இலங்கையில் இது 1999இல் வவுனியாவில் இனங்காணப்பட்டது. 1987க்கும் 1990க்கும் இடையில் இங்கிருந்த இந்தியப் படைக்கு உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு, அல்லது வெங்காய, மிளகாய் விதைகளோடு வந்திருக்கலாம் என்பது பொதுவான கருத்து. பின்னர் யாழ்ப்பாணம், கிளிநொச்சிப் பக்கமும் பரவியது. போரும் நிவாரணமும் போகும் பாதையில் இதுவும் போகிறது. உழாத நிலத்தில் போட்டியின்றிக் குடியேறுகிறது. மற்றப் பயிர்களின் முளைப்பையும் வளர்ச்சியையும் தடுக்கும் நச்சுப் பொருட்கள் இதன் வேரிலும் இலையிலும் உண்டு. தோலில் தொடர்ந்து பட்டால் கடியும் கொப்புளமும் வரும். மகரந்தம் மூச்சிழுப்பைத் தூண்டும். மாடு தின்றால் பால் கசக்கும்.

ஆகவே காணிக்குத் திரும்புபவர்கள் கவனிக்க வேண்டியது இது. மிதிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்படாத நிலத்தில் களை பிடுங்கவென்று கால் வைக்கக்கூடாது. மற்ற இடங்களில், மழை பெய்து மண் இளகிய மறுநாள், பூக்குமுன் வேரோடு பிடுங்குங்கள். முளைத்து ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடும் என்பதால் சுணங்கக் கூடாது. கத்தியால் வெட்டினால் அடியிலிருந்து மறுபடி தழைக்கும். கையுறை இல்லாவிட்டால் பொலித்தீன் பையைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் மூடுங்கள். பிள்ளைகளையும் மூச்சிழுப்பு உள்ளவர்களையும் இவ்வேலைக்கு விடவேண்டாம்.

பூக்காத செடியைக் கூட்டெருக் குழியில் போடலாம், வீணில்லை. பூத்துவிட்ட செடியை உதறாமல் சாக்கினுள் தலைகீழாக இறக்கி, அதே காணியிலேயே காயவிட்டு எரியுங்கள். புகை வரும் பக்கம் நிற்காதீர்கள். லொறியில் ஏற்றி வேறிடத்தில் கொட்டுவது அடுத்த ஊருக்கு விதை அனுப்புவதற்குச் சமம். உப்புக் கரைசல் தெளிக்கும் முறையும் உண்டு. வீதியோரத்துக்கு அது சரி; பயிர் செய்யும் மண்ணில் உப்பைக் கொட்டுவதை நாம் விரும்பவில்லை.

பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடாமல் சணலோ கொள்ளோ நெருக்கமாக விதையுங்கள். தகரை தானாக முளைத்தால் அதையும் விட்டுவையுங்கள். அது பார்த்தீனியத்தை நெருக்கி அடக்கக்கூடியது. வெளியிலிருந்து எருவோ கிரவலோ வைக்கோலோ வாங்கினால் எந்தக் காணியிலிருந்து வருகிறதென்று கேளுங்கள். வாடகை உழவு இயந்திரத்தின் சில்லிலும் கலப்பையிலும் ஒட்டிய மண்ணை வரம்புக்கு வெளியே கழுவச் சொல்லுங்கள். புதைந்த விதை சில ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால், முதல் மாரியில் சுத்தமான காணியை அடுத்தடுத்த மாரிகளிலும் சுற்றிப் பார்க்க வேண்டும். சந்தேகமான செடியைக் கண்டால் ஒரு தலையைப் பிய்த்து ஐந்து மூலை இருக்கிறதா என்று எண்ணுங்கள். இருந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்குச் சொல்லுங்கள், அயலவருக்கும் காட்டுங்கள்.