ஓட்டுகிறவருக்கு உற்சாகம்... பின்சீட்டுக்கு?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலை ஏறுவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள்! அதுவும் போதாதென்று, மேலே போனதும் ஜீப்பைத் திருப்பி குண்டனி நாடு, அந்த நாடு, இந்த நாடு என்று மண்பாதையில் புகுந்துவிடுகிறவர்கள் உண்டு. இந்த மலையில் பாக்சைட் வெட்டி, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாகக் கொண்டு போனார்கள். 2008-ல் அது நின்றுபோனது. லாரிகள் போன பழைய தடங்கள் ஜீப் பிரியர்களைச் சும்மா விடுமா?

ஸ்டியரிங் பிடித்தவர் சீட்டியடிக்கிறார். பின்சீட்டில் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார். அவருக்கு மட்டும் ஏன் குமட்டல் இல்லை? வளைவு வருவது அவருக்கு முன்கூட்டியே தெரியும், உடம்பு தயாராகிவிடும். பின்னால் இருப்பவரின் கண்ணுக்குத் தெரிவதோ முன்சீட்டின் முதுகு. 'அசையவில்லை' என்கிறது கண். 'ஆடுகிறோம்' என்கிறது உள்காது. மூளை குழம்ப, வயிறு புரட்டுகிறது. 2 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு இது அதிகம்.

என்ன செய்யலாம்?

* வெறும் வயிறும் வேண்டாம், பூரி மசாலாவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும்.

* சாலை தெரிகிற மாதிரி உட்காருங்கள். தூரத்து மலையைப் பாருங்கள். செல்போன், புத்தகம் கூடவே கூடாது.

* குமட்டல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, கிளம்பும் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும், ஓட்டுகிறவர் தொடக்கூடாது!

* கர்ப்பிணிகள், முதுகுத்தண்டு ஜவ்வு விலகியவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ள பெரியவர்கள் மண்பாதையைத் தவிர்ப்பதே நல்லது. குலுங்கிய பிறகு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஓட்டுகிறவர்களே, கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்குள் நுழைக்காதீர்கள். சக்கரம் கல்லில் இடித்தால் வளையம் வெடுக்கெனத் திரும்பி விரலைப் பதம் பார்த்துவிடும். இறக்கத்தில் நியூட்ரல் வேண்டவே வேண்டாம். முதல் அல்லது இரண்டாவது கியரில் இறங்குங்கள். பிரேக் கருகிய வாடை வந்தால் ஓரம்கட்டி ஆறவிடுங்கள். மழை பெய்தால் செம்மண் வழுக்கும். பள்ளத்தில் தேங்கிய தண்ணீரின் ஆழமும் தெரியாது. அனுமதியில்லாத இடத்தில் நுழையாதீர்கள். மலைக்குள் 108 வந்துசேர நேரமாகும்.

பின்சீட்டில் பேச்சுச் சத்தம் நின்றுவிட்டதா? முகம் வெளுத்து வியர்க்கிறதா? வண்டியை நிறுத்துங்கள். பத்து நிமிஷம் எல்லோரும் இறங்கி, காற்று வாங்கிவிட்டுக் கிளம்பலாம்.