நிறுத்தாது திருத்தல்

ஒரு பொருளை ஏனைய பொருள்களினின்றும் பிரித்தறிதற்கு உதவுவது பெயர். இலக்கண நூலார் பெயரை இடுகுறிப்பெயர் என்றும், காரணப்பெயர் என்றும் இருவகைப்படுத்தினர். மரம் என்பது இடுகுறி. பறத்தலின் பறவை என்பது காரணப்பெயர். இப்பாகுபாடு மொழிக்கு மட்டுமே உரியது என்று கருத வேண்டா. கணிப்பொறியும் தன்னோடு இணைந்த கருவிகளுக்குப் பெயரிடுகின்றது. அப்பெயர் பிறழின் அதன் பணியும் பிறழும்.

1991ஆம் ஆண்டில் லினசு டோர்வால்ட்சு என்பவர் பின்லாந்து நாட்டில் மாணவராய் இருந்தபொழுது லினக்சைத் தொடங்கினார். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் என்னும் இயக்குமுறை அதன் வழிவந்ததாகும். 2011 முதல் நம் மாநிலத்து மேனிலைப்பள்ளி மாணவர்க்கு வழங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினிகளில் பாஸும் இடம்பெற்றது.

லினக்சில் கருவிகளுக்குப் பெயரும் உரிமையும் வழங்கும் அலுவலனாக விளங்குவது யூடெவ் என்னும் மென்பொருள். இது 2003இல் தோன்றியது. ஒரு கருவி இணைக்கப்பட்டவுடன், இயக்குமுறையின் உள்ளீடாகிய கெர்னல் அதன் வரவை அறிவிக்கும். உடனே யூடெவ் தன் விதிக்கோப்புகளை வரிசைப்படி ஆராயும். ‘இன்ன அடையாளமுடைய கருவிக்கு இன்ன பெயர், இன்னார்க்கு உரிமை’ என்னும் விதிகளுள் பொருந்துவனவற்றைச் செயற்படுத்தும்.

பழனி மலைத்தொடரில் உள்ள பாச்சலூரில் ஒரு கணிப்பொறிக் கூடம் இருப்பதாகக் கொள்வோம். அங்கே ஒரு கணிப்பொறியில் இரண்டு வலையட்டைகள் உள்ளன. ஒன்று வெளியுலகை நோக்கியது. மற்றொன்று மாணவர் பயிலும் பிற பொறிகளை நோக்கியது. முற்காலத்து முறைப்படி, முதலில் அறியப்பட்ட அட்டை ஈத்0 எனவும், அடுத்தது ஈத்1 எனவும் பெயர்பெறும். இவை இடுகுறிப் பெயர்கள். பொறியை மீளத் தொடங்கும்பொழுது அறியப்படும் வரிசை மாறின், பெயர்களும் இடம் மாறும். அந்நிலையில், வெளிவாயிலைக் காக்க வைத்த காவல் உள்வாயிலிற் சென்று நிற்கும்; வெளிவாயிலோ காவலின்றித் திறந்து கிடக்கும்.

இவ்விடரை நீக்கவே, 2013ஆம் ஆண்டு முதல் காரணப்பெயர் முறை பரவலாயிற்று. ஈஎன்பி3எஸ்0 என்னும் பெயரைக் காண்க. ‘ஈஎன்’ என்பது கம்பிவழி வலையட்டையையும், ‘பி3’ என்பது அஃது அமைந்த மூன்றாம் எண் தடத்தையும், ‘எஸ்0’ என்பது அத்தடத்திலுள்ள செருகிடத்தையும் குறிக்கும். அட்டை இடம் மாறாதவரை பெயரும் பொதுவாக மாறாது. இப்பெயர் வேண்டாதவர், அட்டைக்கே உரிய முகவரியைச் சுட்டித் தாமே விதி எழுதி வேறு பெயர் சூட்டலாம்.

புதிய விதி எழுதியதும் பொறியை அணைத்து மீளத் தொடங்குதல் வேண்டுமோ எனின், வேண்டா. பலர் ஒருங்கே பயிலும் கூடத்தில் நடுப்பொறியை அணைத்தால் அனைவர் பணியும் தடைப்படும். அணையாமலே திருத்துதற்கு இரண்டு செயல்கள் உள்ளன. முதலாவது, ரீலோட் என்னும் ஆணை. இதனால் யூடெவ் விதிக்கோப்புகளைப் புதிதாகப் படிக்கும். ஆயின், இதனோடு பணி முடிந்ததென்று பலர் மயங்குவர். படித்த விதி இனி வரும் கருவிகளுக்கே பொருந்தும். முன்னரே இணைந்துள்ளவற்றை அது தீண்டாது. ஆதலின், டிரிகர் என்னும் இரண்டாம் ஆணை வேண்டப்படுகின்றது. அது முன்னுள்ள கருவிகளை மீண்டும் அறிவிக்கச் செய்யும். அப்பொழுதே புதிய விதி அவற்றின்மேற் செல்லும்.

வலையட்டைக்குப் பெயர் மாற்றுங்கால் மூன்று கடப்பாடுகள் உள. இயங்கிக்கொண்டிருக்கும் அட்டைக்குப் பெயர் மாற்றப் பழைய கெர்னல்கள் இடங்கொடா. ஆதலின் முதலில் அவ்வட்டையை மட்டும் நிறுத்துதல் வேண்டும். டிரிகர் ஆணை இயல்பாக ‘மாறியது’ என்றே அறிவிக்கும். பெயர் சூட்டுதற்குப் ‘புதிதாய்ச் சேர்ந்தது’ என்று அறிவிக்குமாறு பணித்தல் வேண்டும். அவ்வாணையை வலையட்டைகளின் அளவில் நிறுத்துதலும் வேண்டும். இன்றேல் தொடர்பற்ற கருவிகளும் கலங்கும். இவற்றின்பின் அட்டையை மீண்டும் இயக்கலாம்.

மற்றொன்றும் உண்டு. ஒட்டன்சத்திரத்தில் இருந்துகொண்டு பாச்சலூர்ப் பொறியை வலைவழியே திருத்துபவர், தம்மை அதனோடு இணைக்கும் அட்டையையே நிறுத்துவாராயின், அமர்ந்த கிளையை அடியில் வெட்டியவராவர். பின்னர் மலைச்சாலை ஏறிச் சென்றே சரிசெய்ய நேரும். எனவே, எழுதிய விதி யாது செய்யும் என்பதை டெஸ்ட் என்னும் ஆணையால் முன்னரே ஆராய்தல் அறிவுடைமை.

கெர்னலையே மாற்றும்பொழுது மறுதொடக்கம் பொதுவாக வேண்டப்படும். ஏனைய சிறு திருத்தங்களுக்கெல்லாம் அதனை நாடுதல், ஓர் ஓடு பெயர்ந்தமைக்கு வீட்டையே பிரித்து மேய்தல் போலாகும். எப்பகுதி மாறவேண்டுமோ அப்பகுதியை அறிந்து, அதனை மட்டும் மாற்றுபவரே தொழிலறிந்தவர். மாணவர்களே, விதியை எழுதுதல் வேறு. எழுதிய விதியை நடைமுறைக்குக் கொணர்தல் வேறு. இவ்விரண்டும் கூடியவழியே திருத்தம் நிறைவுறும் என்பதை உளங்கொள்வீராக.