மாவும் கிறுக்கலும்: இரண்டு வயதுக் கைகளின் வேலை

பெரியவர்களின் மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் அவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. எல்லாமே அப்போது குருத்தெலும்பு. எக்ஸ்ரேயில் அது விழாது. முதல் சில மாதங்களில் இரண்டு எலும்புகள் கெட்டிப்படத் தொடங்கும். இரண்டு வயதிலும் பெரும்பாலும் அந்த இரண்டுதான். எட்டாவது எலும்பு தெரிய எட்டு வயதுக்கு மேலும் ஆகலாம். குழந்தையோடு செய்யும் எளிய கைவேலைகள் என்று காணொளிகளில் வருபவற்றைப் பார்க்கும்போது இந்த மணிக்கட்டை மறந்துவிடக் கூடாது. பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டியும் காகிதத் தட்டில் செய்த சிங்கமும் அழகுதான். ஆனால் தாளை வெட்டியது அம்மா, பசை தடவியது அப்பா, கண் வரைந்தது அக்கா. குழந்தையின் பங்கு, யாரோ அதன் விரலைப் பிடித்துப் பஞ்சின்மேல் அழுத்திய அந்த ஒரு நொடி. ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை குழந்தைக்குக் கைவேலை ஒரு சோதனை: இதைக் கிள்ளினால் என்ன ஆகும், இழுத்தால் என்ன ஆகும், தரையில் அடித்தால் சத்தம் வருமா? முடிந்த உருவம் வேண்டுவது நமக்கு. அதனால் இந்த வயதில் நாம் கொடுக்க வேண்டியது நல்ல பண்டம் ஒன்று. மாதிரி உருவம் தேவையில்லை. இதை நம்புவதற்குச் சான்றுகள் இருக்கின்றன.

கிறுக்கலிலிருந்தே தொடங்கலாம். ஒரு வயதைத் தாண்டிய குழந்தை கிரேயானை முழு முஷ்டியால் பிடிக்கும். கை அசைவது தோளிலிருந்து. பிறகு முழங்கை, அதற்கும் பிறகுதான் மணிக்கட்டும் விரல்களும். நாம் பேனா பிடிப்பதுபோல மூன்று விரல்களால் பிடிப்பது பெரும்பாலும் நான்கு வயதை ஒட்டித்தான் வருகிறது. இந்தக் கிறுக்கல் வெறும் கையாட்டமா, அல்லது குழந்தை அதில் எதையாவது பார்க்கிறதா? அமெரிக்க உளவியலாளர்கள் கிப்சனும் யோனாஸும் 1968-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாக விடை சொன்னது. ஒன்றேகால் வயது முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளிடம் இரண்டு கோல்களைக் கொடுத்தார்கள். ஒன்று தாளில் தடம் பதிக்கும், மற்றது பதிக்காது. கையை ஆட்டும் சுகம் இரண்டிலும் ஒன்றே. ஆனாலும் தடம் விழாத கோலைக் குழந்தைகள் விரைவில் கைவிட்டார்கள். தான் அசைந்ததால் உலகில் ஏதோ மாறியது என்பதுதான் அந்தக் கைக்குக் கிடைக்கும் கூலி. சான் பிரான்சிஸ்கோவில் பாலர் பள்ளிகளை நடத்திய ரோடா கெல்லாக் பல லட்சம் குழந்தை ஓவியங்களைச் சேகரித்தவர். புள்ளி, குத்துக்கோடு, படுக்கைக்கோடு, சுழி என்று இருபது அடிப்படைக் கிறுக்கல்களை அவர் வகைப்படுத்தினார். யாரும் கற்றுக்கொடுக்காமலே குழந்தைகள் அவற்றைப் போடுகிறார்கள். பின்னாளில் வரையும் சூரியனும் மனிதர்களும் இவற்றின் சேர்க்கைகளே என்பது அவர் கருத்து. ஆகவே இரண்டு வயதில் பூ வரையக் கற்றுக்கொடுக்கும் அவசரம் தேவையில்லை. பெரிய தாளைத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் செலோடேப் ஒட்டி, தடித்த கிரேயான் இரண்டைக் கொடுத்தால் போதும். சின்ன நோட்டுப் புத்தகத்தில் தோளிலிருந்து வரும் அசைவுக்கு இடமில்லை.

தடம் விழ வேண்டும், ஆனால் வீடு கறையாகக் கூடாது என்பவர்களுக்குத் தண்ணீரே போதும். பெயிண்ட் அடிக்கும் பழைய பிரஷும் கால்வாளித் தண்ணீரும் கொடுத்துச் சுற்றுச்சுவரையோ சிமென்ட் தரையையோ காட்டிவிடலாம். நனைந்த இடம் கறுத்துத் தெரியும். சிமென்டின் நுண்துளைகளில் காற்று இருக்கும்வரை ஒளி அதிகமாகச் சிதறி நம் கண்ணுக்குத் திரும்புகிறது. துளைகளில் தண்ணீர் நிறைந்ததும் ஒளி உள்ளே சென்று அங்கேயே உறிஞ்சப்படுகிறது. சில நிமிடங்களில் வெயில் அதை அழித்துவிட, மறுபடியும் புதுச்சுவர். தாள் கிழிப்பதையும் கைவேலையாக எண்ணலாம். நாம்தான் அதைக் குறும்பு என்று ஒதுக்குகிறோம். கிழிக்கும்போது இரண்டு கைகளும் எதிரெதிர்த் திசையில் இயங்க வேண்டும், இரண்டு பக்கமும் விரல்நுனிகள் பிடிக்க வேண்டும். ஆலையில் காகிதம் ஓடும் திசையிலேயே பெரும்பாலான இழைகள் படுத்துவிடுவதால் செய்தித்தாளை ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகும். குழந்தை இதை விரலால் கண்டுபிடிக்கிறது. வீட்டில் நாள்காட்டி இருந்தால் தினமும் ஒரு தாள் கிழிக்கும் உரிமையைக் குழந்தைக்கே எழுதிக் கொடுத்துவிடலாம். வருடத்துக்கு 365 பயிற்சிகள், செலவு எதுவும் இல்லை. (ராகு காலம் பார்ப்பவர்கள் முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.)

இந்த வயதுக்குப் பண்டங்களில் முதலிடம் பிசைமாவுக்குத்தான். கடைகளில் ‘ப்ளே-டோ’ என்று டப்பாவில் விற்பதன் பூர்வீகம் வேடிக்கையானது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் குட்டால் என்ற நிறுவனம் சுவர்க்காகிதம் துடைக்கும் மாவு ஒன்றைத் தயாரித்து வந்தது. நிலக்கரி எரித்துக் குளிர்காயும் வீடுகளில் சுவரில் கரி படியும். தண்ணீர் பட்டால் காகிதம் கெடும். அதனால் மாவை உருட்டித் தேய்த்துக் கரியை எடுப்பார்கள். எரிவாயு வந்து, கழுவக்கூடிய வினைல் சுவர்க்காகிதமும் வந்தபின் அந்த மாவுக்கு வேலை இல்லாமல் போனது. நிறுவனத்தின் ஜோசப் மெக்விக்கருக்கு உறவினரான கே ஸூஃபால் பாலர் பள்ளி ஆசிரியை. அவர் அந்த மாவைத் தன் வகுப்புக் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்தார். வழக்கமான மாடலிங் களிமண் பிஞ்சு விரல்களுக்கு மிகக் கெட்டி. இதுவோ சொன்னபடி கேட்டது. 1956-இல் அது விளையாட்டுப் பொருளாகச் சந்தைக்கு வந்தது. இன்ன உருவம் செய்ய வேண்டும் என்று யோசித்துச் செய்த பண்டமல்ல அது. விரலுக்கு ஏற்ற மென்மை இருந்தது, அவ்வளவுதான். மற்றதைக் குழந்தைகள் பார்த்துக்கொண்டார்கள்.

அதை வீட்டில் செய்ய ஒரு கப் மைதா, அரை கப் பொடியுப்பு, ஒரு கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு வேண்டும். கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கொழுக்கட்டைக்கு மேல்மாவு கிண்டுவதுபோல் கிண்டி, வாணலியில் ஒட்டாமல் திரண்டு வந்ததும் இறக்கி, ஆறவைத்துப் பிசைய வேண்டும். கிண்டாமல் பச்சை மாவையே கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். சப்பாத்தி மாவை நீட்டினால் அது பின்னுக்கு இழுக்கும். கோதுமையின் புரதங்கள் தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று பின்னி, குளூட்டன் என்ற வலையாவதே காரணம். சூடு அந்தப் புரத வலையை இறுகச் செய்து இழுவிசையைப் போக்கிவிடும். கூடவே மாவுச்சத்தின் மணிகள் தண்ணீரைக் குடித்து வீங்கிக் கூழாகும். இப்போது கிள்ளினால் கிள்ளிய இடம் அப்படியே நிற்கும், அழுத்தினால் விரல் ரேகைகூடப் பதியும். உப்பு, கிருமிகளுக்குக் கிடைக்கும் தண்ணீரைக் குறைத்துப் பூஞ்சணம் பிடிப்பதைத் தள்ளிப்போடுகிறது. எண்ணெய் ஒட்டாமலும் காயாமலும் காக்கிறது. கிண்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மைதா வேகவைக்காத தானிய மாவு. அதில் நோய்க்கிருமிகள் இருக்கலாம். எதையும் வாயில் வைக்கும் வயதில் இது முக்கியம். கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அரிசி மாவைக் கொதிநீரில் பிசைந்து கொடுக்கலாம். குளூட்டன் இல்லாததால் வெடிப்பு விழும். குழந்தைக்கு அதுவும் ஒரு வேடிக்கை.

நிறத்துக்கு மஞ்சளும் பீட்ரூட் சாறும் போதும். ஆறிய கெட்டிக் கஞ்சியில் அவற்றைக் கலந்தால் விரலால் தடவும் வண்ணம் கிடைக்கும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ, வாழைப்பட்டையை வெட்டினால் காற்றறைகளின் வலை. தோய்த்துத் தாளில் ஒற்றினால் அச்சு விழும். மஞ்சள் கறை பட்ட துணிக்குச் சோப்பு போட்டதும் அது சிவந்து பயமுறுத்தும். காரம் பட்டால் மஞ்சளின் குர்குமின் நிறம் மாறும். வெயிலில் காயப்போட்டால் அதே குர்குமின் சிதைந்து கறை மங்கிவிடும். இவ்வளவையும் ஒரே நாளில் கடைபரப்பத் தேவையில்லை. அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையிலான 36 குழந்தைகளை ஒரு தடவை நான்கு பொம்மைகளோடும் இன்னொரு தடவை பதினாறு பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நான்கு இருந்தபோது ஒவ்வொன்றோடும் நீண்ட நேரம், பல விதமாக விளையாடினார்கள். மாவு எடுத்த நாளில் மாவு மட்டும். கூட ஒரு பூரிக்கட்டை, ஒரு டம்ளர்.

சோற்றுப் பண்டத்தில் விளையாடுவதா என்று பாட்டிமார் கேட்பது நியாயமான கேள்வி. மைதா ஒரு கப் என்பது சுமார் 125 கிராம். காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் சில வாரங்கள் வரும். ஆனால் கணக்குச் சொல்லி ஒரு வீட்டின் மரியாதையைத் தோற்கடிக்கத் தேவையில்லை. மனம் ஒப்பாவிட்டால் குயவரிடம் சலித்த களிமண் கிடைக்கும். அதன் துகள்கள் மிக நுண்ணிய தகடுகள். இடையில் தண்ணீர் இருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, விட்ட இடத்தில் நின்றுவிடும். விரலுக்கு வேண்டியது இந்தக் குணம்தான். அது மாவில் கிடைத்தாலும் மண்ணில் கிடைத்தாலும் ஒன்றே. வீடு குப்பையாகும் என்ற இன்னொரு புகாருக்கு மறுப்பு இல்லை. ஆகத்தான் செய்யும். பழைய பாயை விரிப்பதும், குளிப்பதற்கு முந்தைய அரைமணி நேரத்தை இதற்கென்று ஒதுக்குவதும் சேதத்தைக் குறைக்கும்.

எதையும் சொல்லிக்கொடுக்காமல் விட்டால் பிள்ளை எப்போது கற்கும் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். மரியா மாண்டிசோரியையே அதற்குச் சாட்சிக்கு அழைக்கலாம். அவர் 1939-இல் சென்னைக்கு வந்து அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர் பயிற்சி நடத்தியவர். அவருடைய கருவிகள் ஒவ்வொன்றுக்கும் வரையறுத்த பயன்பாடு உண்டு. கண்டபடி விளையாட அவை இல்லை. அப்படியென்றால் நான் சொல்வதற்கு அவர் எதிர்ச்சாட்சி அல்லவா? ஓரளவு ஆம். பண்டத்தை எப்படிக் கையாளுவது என்று ஒருமுறை நிதானமாகச் செய்துகாட்டுவதில் தவறில்லை. மாவை இப்படி உருட்டலாம், இப்படித் தட்டலாம். ஆனால் காட்டியபின் ஆசிரியர் விலகி நிற்க வேண்டும் என்பதும், தவறைப் பொருளே குழந்தைக்கு உணர்த்த வேண்டும் என்பதும் அவருடைய முறையின் உயிர்நாடி. யானைக்குத் தும்பிக்கை இங்கே வராது என்று நாம் கையைப் பிடித்துத் திருத்துவது அந்த முறையில் இல்லை. அதேபோல் ‘சூப்பர்’, ‘கிளிக்கு ஒரு சாக்லேட்’ என்று பரிசு காட்டுவதிலும் ஆபத்து உண்டு. ஸ்டான்ஃபோர்டில் லெப்பரும் சகாக்களும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பாலர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது அவர்கள் தாமாக வரையும் நேரம் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதியாக இருந்தது. அந்தக் குழந்தைகள் மூன்று முதல் ஐந்து வயதினர் என்பதால் இரண்டு வயதுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. இருந்தாலும் தடமே கூலி என்று முன்பு பார்த்ததோடு இது ஒத்துப்போகிறது. செல்போனில் விரல் இழுத்து வண்ணம் தீட்டும் செயலிகளிலும் தடம் விழுகிறதே என்றால், விழுகிறது. ஆனால் கண்ணாடி எப்படித் தொட்டாலும் ஒரே வழவழப்பு, அழுத்தத்துக்கு எதிர்ப்பே இல்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது.

வாயில் போட்டுக்கொள்ளுமே என்ற கவலைக்கு மட்டும் சமாதானம் சொல்லக் கூடாது, கவனம்தான் வேண்டும். பிசைமாவின் உப்பு முதல் வாயிலேயே துப்ப வைத்துவிடும். ஆனால் உருண்டை உருண்டையாக விழுங்கினால் அத்தனை உப்பு குழந்தைக்கும் வீட்டு நாய்க்கும் ஆபத்து. மூன்று வயதுக்குட்பட்டோரின் பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் அடங்கும் பாசிமணி, பட்டன், புளியங்கொட்டை, உடைந்த கிரேயான் துண்டு எதுவும் மூச்சுக்குழாயை அடைக்கலாம். பொத்தான் பேட்டரி உள்ள எதையும் கைவேலைப் பெட்டியில் வைக்காதீர்கள். தண்ணீரில் ஊறிப் பலமடங்கு பெருக்கும் வண்ண மணிகளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அறுவைச் சிகிச்சைவரை கொண்டுபோகும், எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. தண்ணீர் ஓவியத்துக்கும் இதே கண்டிப்பு வேண்டும். தலை கவிழ்ந்தால் நிமிரத் தெரியாத வயதில் சில அங்குலத் தண்ணீரே உயிரைக் குடிக்கும். பிரஷைக் கீழே வைத்ததும் முதல் வேலையாக வாளியைக் கவிழ்த்துவிடுங்கள்.