முப்பத்தாறு வாய்ப்புகள்

இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில் மாட்டுப்பட்டி அமைந்துள்ளது. 'பட்டி' என்பது மாடுகளை அடைக்கும் இடத்தைக் குறிக்கும் தமிழ்ச்சொல். பெயருக்கு ஏற்ப, இந்தியாவும் சுவிட்சர்லாந்தும் இணைந்து நடத்திய கால்நடைத் திட்டம் 1963ஆம் ஆண்டில் இங்குத் தொடங்கியது. அணைநீரும் தேயிலைச் சரிவுகளும் சூழ்ந்த இவ்வூரில் ஒளி ஒரே நிலையில் நிற்பதில்லை. வெயில் படர்ந்த சரிவைச் சிறிது நேரத்தில் மூடுபனி மறைத்துவிடும். ஒளியின் இம்மாற்றத்தைக் கூர்ந்து நோக்கக் கற்பிப்பது பழைய படச்சுருள் கேமரா.

படச்சுருளின் இயல்பு

கைப்பேசியில் எத்தனை படங்களும் எடுக்கலாம். பிழையானவற்றை உடனே நீக்கலாம். படச்சுருளில் 24 அல்லது 36 படங்களே எடுக்க இயலும். எடுத்த படத்தை உடனே பார்க்கவும் இயலாது. சுருளின் மீது வெள்ளி உப்புகள் கலந்த மெல்லிய பூச்சு உண்டு. ஒளி பட்டதும் அவ்வுப்புகளில் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் நிகழும். இருட்டறையில் வேதிநீரில் கழுவிய பின்னரே அம்மாற்றம் உருவமாக வெளிப்படும்.

இத்தகைய சுருளைச் செய்வதற்குத் தூசியற்ற காற்றும் குளிர்ச்சியும் ஏற்றவை. மாட்டுப்பட்டியைப் போலவே மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்த உதகமண்டலத்தில், நடுவண் அரசின் 'இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்' நிறுவனம் 1960ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அங்கு 1967ஆம் ஆண்டு முதல் படச்சுருள்கள் உருவாக்கப்பட்டு, 'இந்து' என்னும் பெயரில் விற்கப்பட்டன. எண்ணிமக் கேமராக்கள் பரவிய பின் அத்தொழிற்சாலை மூடப்பட்டது.

சுருளை ஏற்றுதல்

சுருளை நிழலில் நின்று ஏற்ற வேண்டும். சுருளின் நுனியை எதிர்ப்பக்க அச்சில் செருகி, பல்லிடுக்குகளில் அதன் துளைகள் பொருந்தியுள்ளனவா எனப் பார்த்தபின் பின்கதவை மூட வேண்டும். அடுத்த படத்திற்காகச் சுருளை நகர்த்தும்போது, மறுபுறம் உள்ள திருகும் உடன் சுழல வேண்டும். சுழலாவிடில் நுனி அச்சிலிருந்து நழுவியிருக்கக்கூடும். இதைக் கவனியாதவர் 36 முறை அழுத்தியும் ஒரு படமும் பெறமாட்டார்.

ஒளியை அளத்தல்

ஒளியை அளப்பது குழாய்நீரால் குடத்தை நிரப்புவதைப் போன்றது. குழாயைப் பெரிதாகத் திறந்தால் குடம் விரைவில் நிரம்பும். சிறிதாகத் திறந்தால் நேரமாகும். கேமராவில் ஒளி நுழையும் துளை குழாயின் திறப்பாகும். ஷட்டர் எனப்படும் மூடுகதவு திறந்திருக்கும் நேரம் குழாய் ஓடும் நேரமாகும். துளையின் எண் சிறியதானால் திறப்பு பெரிதாகும் என்பதைத் தொடக்கநிலையினர் மனத்தில் இருத்த வேண்டும்.

சுருளின் உறையில் 100, 400 போன்ற எண்கள் காணப்படும். எண் கூடினால் குறைந்த ஒளியே போதும். 100 என்னும் எண் கொண்ட சுருளுக்கு, தெளிந்த வெயிலில் துளை எண் 16, நேரம் நொடியின் 125இல் ஒரு பங்கு எனக் கொள்ளலாம். வானம் மேகமூட்டமானால் 8. மிக இருண்டால் 5.6. ஷட்டர் நொடியின் 60இல் ஒரு பங்கினும் நெடுநேரம் திறந்திருந்தால், கைநடுக்கத்தால் படம் கலங்கும். அப்போது சுவரில் சாய்ந்து நிற்பது நன்று.

காக்கும் முறை

சில கேமராக்களில் பார்வைத்துளை தனியே இருக்கும். வில்லையின் மூடியைக் கழற்ற மறந்தாலும் காட்சி தெரியும். படம் மட்டும் பதியாது. ஈரம் மிகுந்த மலைப்பகுதியில் வில்லையில் பூஞ்சை படரக்கூடும். ஆதலால் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் கேமராவை மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். படங்கள் முடிந்ததும், அடிப்பகுதிப் பொத்தானை அழுத்தி, சுருளை அதன் உறைக்குள் முழுதும் திரும்பச் சுற்றிய பின்னரே பின்கதவைத் திறக்க வேண்டும். முந்தித் திறந்தால் பதிந்த படங்கள் ஒளிபட்டு அழியும்.

பழகும் வழி

ஒவ்வொரு படத்திற்கும் துளை எண், நேரம், வானிலை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுவது சிறந்தது. சுருள் கழுவி வந்ததும், எந்தப் படம் ஏன் கருமையாயிற்று, எது ஏன் வெளிறியது என்பதை ஒப்பிட்டு அறியலாம். அக்குறிப்பேடே அடுத்த சுருளுக்கு வழிகாட்டும்.

மூணாற்று மலைகளில் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்த அது மீண்டும் 2030இல் பூக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. அக்காட்சியைத் தவறவிட்டவர் மேலும் 12 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். குடும்பத்தில் மூத்தோரின் முகமோ மறுமுறை பூப்பதில்லை. பழைய வீட்டுச் சுவரில் பாட்டியின் படம் ஒன்று தொங்கினால், அதற்குப் பின்னால் ஒளியை அளந்து, மூச்சை அடக்கி, ஒரே முறை அழுத்திய ஒருவரின் கவனம் இருக்கிறது.