தேரிக்காட்டுல ஒரு க்ளிக்!

பாலைவனத்தை போட்டோ எடுக்கணும்னா ராஜஸ்தானுக்குத்தான் டிக்கெட் போடணுமா என்ன? எழும்பூர்ல திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறுங்க பாஸ்! தூத்துக்குடி மாவட்டத்தில், குதிரைமொழி, சாத்தான்குளம் பக்கம் செக்கச்செவேல்னு மணல்மேடுகள் கிடக்கு. ஊர்க்காரங்க அதுக்கு வெச்ச பேர், தேரி. நடுநடுவே பனைமரம், முந்திரி. மேலே நீல வானம்... கேமரா இருக்கிற கை சும்மா இருக்குமா?

ஏன் இந்தச் சிவப்பு? மணல் துகள்கள் மேல ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு பூசின மாதிரி படிஞ்சிருக்கு. ராயபுரம் மக்களுக்கு இது பழைய கதைதான். சென்னைத் துறைமுகத்தில் இரும்புத் தாது கையாண்ட காலத்துல, அந்தத் தூசிதான் இங்க வீடு வீடா வந்து படிஞ்சது. 2011-ல் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் நிம்மதி. கொடியில காயுற வேட்டியில படிஞ்சா அழுக்கு. தேரியில குன்றா நின்னா அழகு!

இப்ப மேட்டருக்கு வருவோம். தேரியை எடுக்கிற பலருக்கும் மணல் வெளுத்த பழுப்பாத்தான் கிடைக்கும். குற்றவாளி, ‘ஆட்டோ வொயிட் பேலன்ஸ்’. ஃப்ரேம் முழுக்கச் சிவப்பைப் பார்த்ததும், ‘வெளிச்சத்துலதான் ஏதோ கோளாறு’னு கேமரா நினைச்சுக்கிட்டு, நீலத்தைக் கலந்து சரிபண்ணிடும். அதனால செட்டிங்கை ‘டேலைட்’டுக்கு மாத்துங்க. செல்போன்னா ‘ப்ரோ’ மோடில் சுமார் 5500 கெல்வின் வைங்க.

அடுத்து, நேரம். உச்சி வெயில்ல நிழலே விழாது. மேடு பள்ளமெல்லாம் தட்டையாத் தெரியும். சூரியன் உதிச்ச முதல் ஒரு மணி நேரமும், மறையுறதுக்கு முந்தின ஒரு மணி நேரமும்தான் நமக்கு. வெளிச்சம் பக்கவாட்டுல விழுற மாதிரி நில்லுங்க. காத்து போட்ட வரிகள் ஒவ்வொண்ணும் நிழலோட எழுந்து நிக்கும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைச்சே வைங்க. சிவப்பு ஓவரானா மணல்துகளோட நுணுக்கமே காணாமப் போயிடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை காத்து பிச்சு உதறும். அங்க நின்னு லென்ஸ் கழட்டி மாட்டுற வேலையெல்லாம் வேணாம். தண்ணி பாட்டில், தொப்பி, நல்ல செருப்பு அவசியம். காப்புக்காட்டுப் பகுதிக்குள்ள போறதா இருந்தா, முதல்ல வனத்துறைகிட்ட கேட்டுக்கங்க.

ரயில் ஏறும் முன்னாடி ஒரு ஹோம்வொர்க். 1856-ல் திறந்த நம்ம ராயபுரம் ஸ்டேஷனோட செங்கல் நிறச் சுவரை, வெளியில ரோட்டுல நின்னே எடுத்துப் பாருங்க. காலையில ஆட்டோவில் ஒண்ணு, டேலைட்டில் ஒண்ணு. மத்தியானம் அதேபோல ரெண்டு. நாலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. நான் மேலே சொன்னதெல்லாம் அதுலயே விளங்கிடும்.

கடைசியா ஒண்ணு. சீனாவில் ஜாங்யே வண்ண மலைகள்னு இருக்கு. நிஜமாவே அழகுதான். ஆனா, நெட்டுல சுத்துற பல படங்கள்ல கலரை ஏத்தி விட்டிருப்பாங்க. அதை நம்பி நேர்ல போறவனுக்கு, அசல் மலை சப்புனு தெரியும். தேரிக்கும் அந்தக் கதி வேணாமே! எடிட் பண்ணும்போது ‘சாச்சுரேஷன்’ பக்கம் விரல் போனா, ஒரு நிமிஷம் யோசிங்க. உங்க படத்தைப் பார்த்துட்டு ஒருத்தன் ராத்திரி முழுக்க ரயில்ல உட்கார்ந்து வர்றான். வந்து நின்னதும் ‘அட, அதே சிவப்பு!’னு அவன் சொல்லணும். சொன்னான்னா, நீங்க போட்டோகிராபர்!