பாடும் பலகை

தமக்கென்று ஒரு கிட்டாரைச் செய்து தருமாறு கேட்பவர், முதுகுப் பலகையின் நிறத்தையும் வரியழகையும் பற்றியே முதலில் வினவுவார். கைவினைஞரின் கவலையோ மேற்பலகையைப் பற்றியது. ஸ்புரூஸ் மரப்பலகையை இரண்டு ஏடுகளாக அறுத்து, புத்தகம் விரித்தாற்போல் இணைத்து, ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் கனத்திற்கு அவர் இழைக்கிறார். இடையிடையே விரலால் தட்டிச் செவிமடுக்கிறார். கனம் மிகுந்தால் ஒலி அடங்கும். குறைந்தால் நரம்புகளின் இழுவிசைக்குப் பலகை வளையும். ஆதலின் உட்புறத்தில் மெல்லிய மரச்சட்டங்களை ஒட்டி வலுவூட்டுகிறார்.

ஸ்பெயின் நாட்டுக் கிட்டார்க் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரஸ், 1862ஆம் ஆண்டில், முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் அமைத்து, மேற்பலகையை மட்டும் மரத்தால் செய்து, ஒலிக்கு முதன்மையானது அதுவே என்று காட்டினார். அக்கிட்டார் இன்று பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் உள்ளது.

நரம்பின் அதிர்வை ஏற்று ஒலியைப் பெருக்கும் இம்மேற்பரப்பு நம் யாழிலும் இருந்தது. அங்கு அது தோல். யாழின் உடலைப் ‘பத்தர்’ என்றும், அதனை மூடிய தோலைப் ‘போர்வை’ என்றும் நம் முன்னோர் பிரித்துப் பெயரிட்டனர். மரமாயினும் தோலாயினும் தொழில் ஒன்றே. கிட்டார் பயிலும் நம் பிள்ளைகளுக்கு அதன் உடலையும் மேற்பலகையையும் விளக்கும்போது, இவ்விரு சொற்களையும் நாம் மீண்டும் வழங்கலாம். செய்யுளில் யாழுறுப்புகளைக் குறித்த இச்சொற்கள் அவர்தம் கைகளில் புழங்கத் தொடங்கும்.